மாடி ரூமில் 14 நாள்: மீன் பெட்டியில் வெந்தயம், கையில் ஜெபமாலை

2020 ஜூன் 19ஆம் தேதி சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்குக் காய்ச்சல். டிவியில் எங்கள் ராயபுரம் மண்டலத்தின் கொரோனா எண்ணிக்கையைத்தான் முதலில் படிப்பார்கள், அப்படி ஒரு காலம். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நான் மொட்டை மாடி ரூமுக்கு ஏறிவிட்டேன். ஒரு பாய், டேபிள் ஃபேன், பக்கெட், மக்கு, ஜெபமாலை. கதவைத் திறந்தால் மாடி. அங்கே எப்போதோ ஆசைப்பட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றாமல் நானே கொன்ற நாலு தொட்டிகள். மூன்றில் வெறும் குச்சி. நாலாவதில் ஓமவல்லி மட்டும் பிடிவாதமாகப் பச்சையாக நின்றது.

அந்த 14 நாளில் தட்டுத் தடுமாறிக் கற்றதையும், அதற்குப் பிறகு இத்தனை வருடமாகச் செய்துவருவதையும் இங்கே எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து படி இறங்கக் கூடாதவர்கள், படுக்கையில் இருக்கும் பெரியவரை விட்டு நகர முடியாதவர்கள், வீட்டில் ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகு வெளியே போகவே மனம் வராதவர்கள், வேலைக்காக வடசென்னைப் பக்கம் வந்து ஒற்றை அறையில் யாரையும் தெரியாமல் இருப்பவர்கள், இவர்களுக்காக. தோட்டமும் தெரியாது, ஜெபமும் பழக்கம் விட்டுப்போயிற்று என்றால் இன்னும் நல்லது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். செடியைப் பற்றியும் படிக்கவில்லை, வேதமும் படிக்கவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செய்யுங்கள். காலையில் தோட்டம், ராத்திரி ஜெபம் என்று பிரித்தால் ஒரு வாரத்தில் இரண்டும் நின்றுவிடும். எனக்கு நின்றது. நேற்று ஜெபம் சொல்லவில்லை என்று யாரும் வந்து கேட்கப் போவதில்லை. நேற்று தண்ணீர் ஊற்றவில்லை என்றால் செடி தலையைத் தொங்கப்போட்டுக் கேட்கும். அதனால் செடிக்காகவாவது மேலே போவோம், போன இடத்தில் ஜெபமும் நடந்துவிடும்.

முதலில் நேரம்

பெட்டி, மண், விதை எல்லாம் அப்புறம். நமக்கு வடசென்னையில் ஒரு வசதி இருக்கிறது. தண்ணீர் வரும் நேரத்துக்கு எப்படியும் எழுந்தாக வேண்டும். எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்குக் குழாய் வரும். குடம் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கெட்டைத் தனியாக எடுத்துவைத்து, எல்லாம் பிடித்து முடித்ததும் மாடிக்கு. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். லாரித் தண்ணீர்தான், வரும் நேரம் நிச்சயமில்லை என்றால் காலை டீ குடித்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்து வைக்கும் நேரம் தவறிவிடும். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் கட்டிவிட வேண்டும்.

பெட்டியும் மண்ணும்

காசிமேட்டில் மீன் வரும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி தெரியும் இல்லையா, அதைவிட நல்ல தொட்டி புதியவர்களுக்குக் கிடையாது. எடை இல்லை, கீரைக்குத் தேவையான அரை அடி ஆழம் தாராளமாக இருக்கும், வெயிலில் மண்ணைச் சுடவிடாது. மீன்கடையில் கேட்டால் பழையது சும்மாவே கொடுப்பார்கள். ஆனால் உப்பும் கவிச்சியும் ஊறியிருக்கும். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிரப்பிவைத்துக் கொட்டுங்கள். கொட்டாவிட்டால் முதல் வாரம் செடி வராது, பூனைதான் வரும். அடியில் ஸ்க்ரூ டிரைவரால் ஏழெட்டு ஓட்டை. கீழே இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கிவையுங்கள். தண்ணீர் வடியவும் வேண்டும், தளம் காயவும் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்னும் பல வீடுகள் மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம். மேஸ்திரிகள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். அதன் நடுவில் கனமான தொட்டிகளை வரிசை கட்டாதீர்கள். சுவரை ஒட்டியே வையுங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. முதல் கட்டுக் கீரை அவர் வீட்டுக்குப் போனால் இரண்டாவது பெட்டிக்கு அனுமதி கேட்கவே வேண்டாம்.

மண்ணுக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மாதவரம், செங்குன்றம் பக்கம் சாலையோர நர்சரிகளில் எல்லாம் மூட்டையாகக் கிடைக்கும். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பண்ணையும் இருக்கிறது. நார்க்கழிவு கட்டியாக வரும். ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதிலும் உப்பு உண்டு. கடற்கரை மணலைக் கொண்டுவரும் எண்ணம் மட்டும் வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு கோணி கொண்டுவந்து போட்டு, மிளகாய் நாற்று அத்தனையும் நாலே நாளில் கருகியது.

வெளியே போகவே முடியாத நிலை என்றால் இதெல்லாம் வேண்டாம். எனக்கு அன்று கிடைத்தது, செத்துப்போன மூன்று தொட்டியின் மண்ணும் மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஒரு மீன் பெட்டியும்தான். மண்ணைக் கொட்டி, கட்டியை உடைத்து, வேரைப் பொறுக்கி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டேன். அவ்வளவு வேலைக்கே மூச்சு வாங்கியது. பத்து நிமிஷம் செய்வதும், உட்காருவதும், மறுபடி செய்வதுமாக ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாள் போனது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாக அடைந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

எதை விதைப்பது

வெந்தயம். வேறு யோசிக்கவே வேண்டாம். அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது, கடைக்குப் போக வேண்டாம், மூன்றே நாளில் முளைக்கும், 20, 25 நாளில் கிள்ளலாம். தனிமையில் இருப்பவர்களுக்குத் தக்காளி, கத்திரி என்று இரண்டு மாதம் காக்கவைக்கும் செடியைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

அம்மா கீழிருந்து கயிற்றுப் பையில் இரண்டு ஸ்பூன் வெந்தயம் மடித்து அனுப்பினார். ராத்திரி டம்ளரில் ஊறப்போட்டேன். காலையில் ஈர மண் மேல் பரவலாகத் தூவி, அரை விரற்கடை அளவுக்கு மேல்மண்ணால் மூடி, பழைய துணியை நனைத்துப் போர்த்தினேன். முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். ஜூன், ஜூலை வெயிலுக்கு ரூமின் நிழல் விழும் பக்கம் போதும்.

மூன்றாம் நாள் காலை துணியைத் தூக்கினால் மண் அங்கங்கே வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் வளைந்த வெள்ளைத் தண்டு, முதுகால் மண்ணைத் தூக்கிக்கொண்டு. இன்னொன்று தலையில் விதைத்தோலை மாட்டிக்கொண்டு நின்றது, கழற்றத் தெரியாமல். நான் தளத்தில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அக்கா துணி காயப்போட அவர் மாடிக்கு ஏறியவர், "இன்னா பாப்பா, மயக்கமா?" என்று பதறிவிட்டார். "இல்லக்கா, மொளச்சிருக்கு" என்றேன். அன்றிலிருந்து தினமும் அந்த மாடியிலிருந்து, "இன்னாச்சு, எம்மாம் வளந்துச்சு?" என்று ஒரு குரல் வந்துவிடும். பத்து நாளில் நான் ஃபோன் இல்லாமல் நேராகப் பேசிய மனுஷி அவர்தான்.

தண்ணீரும் ஜெபமும்

இது நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம்.

முளைத்த பெட்டிக்கு மக்கால் மொண்டு ஊற்றினால் விதை ஓரமாக அடித்துக்கொண்டு போகும், தண்ணீரும் நேராக ஓட்டை வழியே இறங்கிவிடும். தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஏழெட்டுத் துளை போட்டு, கவிழ்த்துப் பிடித்து மெதுவாகத் தெளிக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக? ஒரு பெட்டிக்கு ஒரு பத்து. அதாவது ஒரு 'விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே', பத்து 'அருள் நிறைந்த மரியே', ஒரு 'பிதாவுக்கும் சுதனுக்கும்'. அவசரப்படாமல் சொன்னால் மூன்று, நாலு நிமிஷம் ஆகும். அதற்குள் ஊற்றி முடித்துவிட்டால் வேகமாக ஊற்றியிருக்கிறீர்கள். ஐந்து பெட்டி ஆனதும் ஒரு முழு ஜெபமாலை, தொடக்கத்தில் சொல்லும் மூன்றையும் சேர்த்து 53 மணி. நான் ஐந்து பெட்டிக்கு வர ஒரு வருடம் ஆயிற்று. முதல் மாதம் ஒரு பெட்டி, ஒரு பத்து. அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

இடது கையில் பாட்டில், வலது கையில் மணி. மனம் எங்கெங்கோ போகும். ஆக்ஸிஜன் அளவு, ஆபீஸ், செத்துப்போன பெரியப்பாவின் முகத்தைக் கூடப் பார்க்க விடவில்லையே என்று எல்லாம் வரும். வரட்டும். வாய் சொல்லிக்கொண்டே இருக்க, கண் மண்ணில் ஈரம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். மனம் ஒன்றிச் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். காய்ச்சலில் கிடப்பவளுக்கு அது கட்டாது.

ஜெபமாலை சொல்லும்போது இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நினைப்போம்; செவ்வாயும் வெள்ளியும் அவர் பாடுபட்ட துயர மறையுண்மைகள். முதலாவதே ஜெத்சமனி. அது ஒரு ஒலிவத் தோட்டம், உடன் வந்தவர்கள் தூங்கிவிட, இயேசு தனியாக ஜெபித்த இடம். உயிர்த்த பிறகு மகதலா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசியதையும் யோவான் எழுதிவைத்திருக்கிறார். இத்தனை வருடம் காதில் விழுந்த கதைதான். மாடியில் மண் கையோடு நிற்கும்போதுதான் இரண்டும் தோட்டத்தில் நடந்தவை என்பது உறைத்தது.

உங்கள் வழி வேறாக இருக்கலாம். 108 போற்றி சொல்கிறவர்கள் ஒரு துளசி மாடத்துக்கும் இரண்டு தொட்டிக்கும் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் பின் தெருவில் ஒரு பாய் வீட்டில் ஃபஜ்ர் தொழுகை முடித்து, 33 மணித் தஸ்பீஹோடு மருதாணிச் செடிக்குத் தண்ணீர் விடுவார் வீட்டுப் பெரியவர். எதிலும் நம்பிக்கை இல்லை என்றால் மூச்சை எண்ணுங்கள். செடிக்கு வித்தியாசம் தெரியாது, மெதுவாக வரும் தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

உப்புத் தண்ணீர்

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. சோப்பு நுரைக்கவில்லை என்றால் செடிக்கும் ஆகாது. இலை ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாகும், மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். ஐந்தாம் நாள் எனக்கு அதுதான் ஆயிற்று. சோம்பல்பட்டு மாடித் தொட்டியில் இருந்த போர் தண்ணீரை ஊற்றினேன், பாதி முளை போயிற்று.

குழாய்த் தண்ணீர் நல்லது. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு கட்டியது. வடசென்னைக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் அதைக் கட்டினார்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் பிடித்துவையுங்கள், அதில் உப்பே இல்லை. கழனித் தண்ணீர் இருக்கவே இருக்கிறது. மீன் கழுவிய தண்ணீரும் நல்ல உரம்தான், ஆனால் உப்புப் போட்டுத் தேய்ப்பதற்கு முன்பு கழுவிய முதல் தண்ணீரை மட்டும் எடுத்து, இன்னொரு பங்கு நல்ல தண்ணீர் கலந்து பெரிய செடிக்கு ஊற்றுங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் போகிறது. போர் தண்ணீரைத் தவிர வழியே இல்லை என்றால் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் ஓடி வரும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

இரண்டாம் மாதம்

கீரை வந்துவிட்டதா? அடுத்து சாமிக்குப் பூ. வீட்டிலிருந்து ஒரு பூ எடுத்துவைக்க முடிந்தால், கோயிலுக்குப் போக முடியாத வெள்ளிக்கிழமையின் பாரம் கொஞ்சம் இறங்கும். நித்தியகல்யாணி இந்த உப்புக் காற்றுக்கு அசையாது, வருடம் முழுக்கப் பூக்கும். சங்குப்பூவை விதை ஊறவைத்துப் போட்டால் போதும், கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டிவிட்டால் ஏறிக்கொள்ளும். அரளியும் தாங்கும், ஆனால் இலை, பூ, பால் எல்லாமே விஷம். குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். மல்லி கேட்பவர்களுக்கு: நல்ல வெயில் வேண்டும், மார்கழி வாக்கில் கவாத்து செய்ய (கிளைகளை வெட்டிவிட) வேண்டும், பொறுமை வேண்டும். எங்கள் வீட்டு மாதா படத்துக்கு முதல் மல்லி வர ஒன்றரை வருடம் ஆனது.

பூச்சி என்றால் மாவுப்பூச்சிதான், அதுவும் செம்பருத்தியில். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். எண்ணூர், மணலிப் பக்கத்துக் காற்றில் இலை மேல் படியும் தூசியை வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் தவறாமல் கொட்டுங்கள், டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும். கத்திரி வெயிலில் நிழல்வலை, ஐப்பசி மழையில் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவுதான்.

ஜெபம் வராத நாள்

எனக்கு ஜூன் 29 அப்படிப்பட்ட நாள். ராயப்பர் (பேதுரு), சின்னப்பர் (பவுல்) திருநாள். எங்கள் ஊருக்குப் பெயரே ராயப்பரால் வந்தது என்பார்கள். படகுக்காரர்கள் கட்டிய புனித பேதுரு கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அன்று தெருவில் ஆளே இல்லை. மாதா டிவியில் பூசை ஓடியது, நற்கருணை இல்லாமல் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தேன். கோபம்தான் வந்தது. மணியைக் கையில் எடுக்கவே இல்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

எதிர் வீட்டு அக்காவுக்குத் திருவொற்றியூர், வடிவுடையம்மன் என்றால் உயிர். கோயில் எல்லாம் பூட்டியாயிற்றே, உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று அன்று எதிர் மாடியில் கேட்டேன். அவர் துணியை உதறிக்கொண்டே, "ஒத்தியூர்ல சாமிக்கு வருஷத்துல மூணு நாளுதான் கவசம் எடுப்பாங்க, கார்த்திகைப் பௌர்ணமிக்கு. மீதி நாளெல்லாம் மூடித்தான் கும்புடறோம். இப்ப கதவும் சேந்து மூடிக்கீது, அவ்ளோதானே" என்றார். பெரிய கோயில்கள் திறக்க செப்டம்பர் 1 ஆகிவிட்டது. அதுவரை அவர் மாடத்துத் துளசியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

ஆக, ஜெபம் வராத நாளில் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், மௌனமாக. கட்டாயப்படுத்த வேண்டாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வாய் தானாக ஆரம்பித்துவிடும். ஆனால் பாட்டிலைத் தூக்கக் கூடத் தோன்றவில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு ஏன் இருக்கிறோம் என்று வருகிறது என்றால் அது செடியும் ஜெபமாலையும் மட்டும் பார்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், அழைப்புக்குக் காசு இல்லை. 104 என்ற எண்ணும் இருக்கிறது. டாக்டரிடம் போவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

முதல் அறுவடை

எனக்கு வாசனை போயிருந்தது. தினமும் காலையில் அந்தப் பிடிவாதக்கார ஓமவல்லியில் ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது, காகிதம் மாதிரி. 12ஆம் நாள் லேசாக ஏதோ. கையைக் கழுவிவிட்டு வேறு இலை எடுத்துப் பார்த்தேன், இருந்தது. அன்றைய பத்துக்கு நான் ஊற்றிய வேகம் தப்பு, பாதித் தண்ணீர் தளத்தில்.

கீழே இறங்கி இரண்டு வாரம் கழித்துக் கீரையைக் கிள்ளினேன். உப்புத் தண்ணீரில் போனது போக ஒரு கைப்பிடி தேறியது. அம்மா தோசை மாவில் கலந்து மூன்று தோசை வார்த்தார். ஒன்றைத் தட்டில் மூடி எதிர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். "கசக்குது பாப்பா" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. பூ விடும் வரை விட்டால் இன்னும் கசக்கும், அதனால் 25 நாளைத் தாண்டவிடாதீர்கள்.

வேரோடு பிடுங்காமல், இரண்டு விரற்கடை தண்டை விட்டுக் கிள்ளினால் இன்னொரு முறை துளிர்க்கும். அதையும் எடுத்த பிறகு மண்ணைக் கிளறி இரண்டு நாள் காயவிட்டு, ஒரு கை தொழு உரம் சேர்த்து மறுபடி தூவலாம். முந்தின நாள் ராத்திரியே வெந்தயத்தை ஊறப்போட மறந்துவிடாதீர்கள்.